மோர் குடித்து பாஸாக முடியுமா?

பாகூர் மாமாவுக்கு நாளைக்கு சுகர் டெஸ்ட் என்றால், இன்றைக்கே தெருவுக்குத் தெரிந்துவிடும். காலையில் ரெண்டே இட்லி, மத்தியானம் கீரை, ராத்திரி வெறும் மோர். போதாக்குறைக்கு ஏரிக்கரையில் வேகநடை வேறு! மறுநாள் சீட்டை ஆட்டிக்கொண்டே வருவார். "பாத்தியா மாப்ளே, வெறும் 110!" அன்றைக்கு மத்தியானமே இலை நிறைய சோறு. மேலே பாயசம்.

பி.காம். படித்தவனுக்கு இது புதுசா? ஆடிட்டர் வருகிற அன்று கைமாற்று வாங்கிக் கல்லாவை நிரப்புகிற அதே கதைதான்!

ஆனால், சுகரிலும் ஏமாறாத ஆடிட்டர் ஒருத்தர் உண்டு. பெயர் எச்பிஏ1சி. சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை வைத்து ரெண்டு மூணு மாதக் கணக்கையும் கறந்துவிடுவார். ஒருநாள் மோரெல்லாம் அவரிடம் செல்லாது.

வில்லியனூர் டாக்டர் ஒருவர் அதை எடுக்கச் சொன்னார். மாமாவுக்கு 10.2! 7-க்குள் இருந்தால் நல்லதாம். அதற்குள் ஏரிக்கரைக் கருவேல முள் பாதத்தில் ஏறி, மரத்துப்போன காலோடு எட்டு நாள் நடந்திருக்கிறார் மனுஷன். ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் பெரியவர்களில் 26.4 சதவீதத்தோடு கோவா முதலிடம். நம்ம புதுச்சேரி 26.3. தசமப் புள்ளியில் கோப்பை போச்சு! டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தால் ஒருத்தருக்கு சுகர்.

2030-க்குள் முடிக்கச் சொல்லி உலக சுகாதார சபை 2022 மே மாதம் ஐந்து இலக்கு வைத்தது. சுகர் உள்ளவர்களில் 80 சதவீதம் பேருக்கு அது கண்டுபிடிக்கப்பட வேண்டும். அப்படித் தெரிந்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு சர்க்கரை கட்டுக்குள், 80 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள். நாற்பது தாண்டியவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை. சின்ன வயதிலேயே வரும் முதல் வகைக்காரர்கள் அத்தனை பேருக்கும் கட்டுப்படியாகும் விலையில் இன்சுலினும், வீட்டிலேயே பார்க்கும் கருவியும்.

கால்குலேட்டரைத் தட்டினேன். 80-ல் 80 சதவீதம் 64. இலக்கைத் தொட்டாலும் நூற்றுக்கு 36 பேர் வெளியேதான்! அதற்கே வெகுதூரம். 2022 நிலவரப்படி, உலகில் முப்பது தாண்டிய சுகர்காரர்களில் 59 சதவீதம் பேர் மருந்தே சாப்பிடவில்லை.

இதையெல்லாம் மாமாவிடம் விலாவாரியாக அளந்தேன். கட்டுப் போட்ட காலை நீட்டியபடி கேட்டார்: "அதெல்லாம் சரி மாப்ளே, நீ எப்ப பாத்தே?"

எனக்கு வயசு 36. பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை சுகாதார நிலைய வரிசையில் நின்றேன். துணைக்கு மாமா. "பயப்படாதே மாப்ளே, ஒரு குத்துதான்" என்று தட்டிக் கொடுத்தார்.

முதல்நாள் ராத்திரி நானும் வெறும் மோர்தான் குடித்தேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை!