வில்லும் அம்பும்

ராணுவ வீரர்களின் சட்டைக் கையில் ஒரு சின்னம் தைத்திருக்கும். அது சின்னத் துணித் துண்டுதான். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால், அதற்குள் பெரிய சரித்திரமே அடங்கியிருக்கும்.

இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டனைக் காத்த விமான எதிர்ப்புப் படைக்கும் அப்படி ஒரு சின்னம் இருந்தது. சிவப்புத் துணி. அதில் கறுப்பு நிறத்தில் ஒரு வில். நாணை இழுத்துப் பிடித்த வில். அதிலுள்ள அம்பு வானத்தைப் பார்த்து நிற்கும். எழுத்து வாசனை இல்லாதவருக்கும் அதன் பொருள் விளங்கும். "வானத்தில் வரும் எதிரியைத் தரையில் நின்று அடிப்பவர்கள் நாங்கள்" என்பதே அது.

இந்தப் படை 1939-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமைக்கப்பட்டது. ஜெனரல் பைல் என்பவர் அந்த ஆண்டே அதன் தளபதி ஆனார். யுத்தம் முடியும் தறுவாய் வரை அவரே தளபதி.

எங்கே சுடுவது?

1940 செப்டம்பர் 7-ந் தேதி ஜெர்மன் விமானங்கள் லண்டன் நகரைத் தாக்கத் தொடங்கின. தொடர்ந்து 57 இரவுகள் குண்டுமழை பொழிந்தன. பீரங்கிகள் முழங்கின. மக்களுக்குத் தைரியம் வந்தது. ஆனால் விமானம் விழவில்லை! ஒரு விமானத்தை வீழ்த்தச் சுமார் 20 ஆயிரம் குண்டுகள் செலவாயின.

காரணம் என்ன? பறக்கும் காக்கையைக் கல்லால் அடிக்கிறவன், காக்கை இருக்கும் இடத்துக்குக் கல்லை எறிந்தால் படாது. அது போகப்போகும் இடத்துக்கு எறிய வேண்டும். விமானமும் அப்படித்தான். பீரங்கிக் குண்டு மேலே போய்ச் சேருவதற்குள் விமானம் ஒரு மைலுக்கு மேல் பறந்துவிடும். ஆகவே அதன் உயரம், வேகம், திசை மூன்றையும் கணக்கிட வேண்டும். அதுவும் கண நேரத்தில்!

இதற்குக் கருவிகள் வந்தன. இரவிலும் விமானத்தைக் காட்டும் ராடார் வந்தது. பிளாக்கெட் என்ற விஞ்ஞானியின் குழு, கருவிகளைச் சரியாகப் பயன்படுத்தும் வழியை ஆராய்ந்தது. 1941-ல், ஒரு விமானத்தை வீழ்த்தச் சுமார் 4 ஆயிரம் குண்டுகளே போதும் என்ற நிலை வந்தது.

ஆக, வெற்றி பீரங்கியில் மட்டும் இல்லை. கருவியைப் பார்க்கும் கண்ணிலும், கணக்குப் போடும் மூளையிலும் இருந்தது.

பெண்கள் வந்தார்கள்

அந்தக் கண்ணும் மூளையும் ஆணுக்கு மட்டுமா உண்டு?

யுத்தத்துக்கு முன்பே ஜெனரல் பைல் இந்தக் கேள்வியைக் கேட்டார். கரோலின் ஹாஸ்லெட் என்ற பெண் என்ஜினீயரை அழைத்துப் பீரங்கித் தளங்களைக் காட்டினார். "பளுவான வேலை தவிர மற்ற எல்லா வேலைகளையும் பெண்கள் செய்ய முடியும்" என்பது அந்த அம்மையாரின் முடிவு.

1941-ல் ஆணும் பெண்ணும் சேர்ந்து பணிபுரியும் பீரங்கித் தளங்கள் ஏற்பட்டன. ராடாரை இயக்கியவர்கள் பெண்கள். உயரத்தை அளந்தவர்கள் பெண்கள். குறியைக் கணக்கிட்டவர்களும் பெண்கள். 1943-ல் இந்தப் படையில் 50 ஆயிரம் பெண்களுக்கு மேல் இருந்தார்கள். பிரதம மந்திரி சர்ச்சிலின் மகள் மேரியும் அவர்களில் ஒருவர்.

அவர்கள் கையிலும் அதே வில்லும் அம்பும்தான்!

ஒரே சின்னம், இரண்டு சம்பளம்

ஆனால், பீரங்கியை வெடிக்கும் விசையைப் பெண் தொடக்கூடாது என்று தடை இருந்தது. எங்கே சுடுவது என்று சொல்பவள் பெண். சுடுகிறவன் ஆண்.

சம்பளமோ, ஆணுக்குக் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்!

ஜெர்மன் குண்டு அப்படிப் பங்கு போடவில்லை. பணியில் இருந்தபோதே உயிர்விட்ட பெண்கள் உண்டு.

1944 ஜூன் மாதம், ஆளில்லாத பறக்கும் குண்டுகளை ஜெர்மனி ஏவியது. பீரங்கிகள் கடற்கரைக்கு மாற்றப்பட்டன. புதிய ராடாரும், இலக்கின் அருகே போனதும் தானே வெடிக்கும் குண்டும் கைகொடுத்தன. ஆகஸ்டு 28-ந் தேதி 90-க்கும் அதிகமான பறக்கும் குண்டுகள் வந்தன. லண்டனை எட்டியவை நான்கே நான்கு! வழியில் விழுந்தவற்றில் பெரும்பாலானவை பீரங்கிக்கு இரையானவை.

1955-ல் இந்தப் படை கலைக்கப்பட்டது. வில்லும் அம்பும் அத்துடன் ஓய்ந்தன. ஆனால், பெண்கள் எழுப்பிய கேள்வி ஓயவில்லை. பிரிட்டிஷ் ராணுவத்தின் எல்லாப் பணிகளும் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டது 2018-ல்தான். நம் நாட்டில், ராணுவத்தின் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பதவி தரவேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அந்தத் தீர்ப்பால் பயன்பெற்ற பிரிவுகளில் விமான எதிர்ப்புப் பிரிவும் ஒன்று.

சின்னம் கொடுப்பது எளிது. ஊசியும் நூலும் போதும். சின்னத்துக்கு ஏற்ற உரிமையைக் கொடுப்பதற்குத்தான் மனம் வேண்டும். வேலையைப் பங்கு போட்டுக்கொடுக்கும்போது ஆண், பெண் என்று பாராதவர்கள், கூலியைக் கொடுக்கும்போது மட்டும் பார்ப்பது நியாயம் ஆகாது. இது ராணுவத்துக்கு மட்டுமல்ல. வயலுக்கும் ஆலைக்கும் வீட்டுக்கும் பொருந்தும்.