தறிக்கு ஆள் வராததற்கு ரேஷன் அரிசியா காரணம்?

காஞ்சிபுரத்தில் யாரிடம் நாட்டு நடப்பைப் பேசத் தொடங்கினாலும் பேச்சு கடைசியில் ஒரே தீர்ப்பில் வந்து நிற்கிறது. "சும்மா குடுத்துக் குடுத்தே ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க." காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் இதைச் சொல்கிறார்கள். மூங்கில் மண்டபத்து டீக்கடையில் சொல்கிறார்கள். ஓய்வுபெற்ற வாத்தியாரும் சொல்கிறார், அவரிடம் படித்து இப்போது பெங்களூரில் சம்பாதிக்கும் பையனும் சொல்கிறான். எங்கள் ஊரில் இதற்குத் தனி வடிவம் ஒன்றும் உண்டு: "ரேஷன்ல அரிசி சும்மா வருது, வீட்டுப் பொம்பளைக்கு மாசம் ஆயிரம் வருது. அப்புறம் எவன் தறியில உட்காருவான்?"

நெசவாளர் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இது பொய். கோபத்துக்கு அதைவிடப் பெரிய காரணமும் உண்டு: உழைத்தே தேய்ந்துபோன மனிதர்களை, அவர்கள் உழைப்பில் பிழைக்கும் ஊரே சோம்பேறி என்கிறது.

முதலில் அந்த வேலையைப் பார்ப்போம். குழித்தறியில் உட்காருகிறவன் இடுப்புக்குக் கீழே குழிக்குள் இருக்கிறான். கால் மிதிகட்டையில், கை நாடாவில், கண் இழையில். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக வரும் கோர்வைச் சேலை என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவரால் முடியாது, பக்கத்தில் இன்னொருவர் துணைக்கு உட்கார வேண்டும். ஒரு சேலை இறங்கப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். வேலைப்பாடு மிகுந்தால் மாதத்தையும் தாண்டும். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறும், பட்டு ஈரம் வாங்கும், தெருவில் பாவு விரிக்க முடியாது. அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. சேலைக்குப் பேசிய கூலியோ இரண்டு பேரின் உழைப்புக்குமாகச் சேர்த்துத்தான். நாள் கணக்கில் அதைப் பிரித்துப் பார்த்தால், கட்டட வேலைக்குப் போகும் சித்தாளின் கூலிக்குப் பக்கத்தில் கூட வராத வீடுகள் பிள்ளையார்பாளையத்தில் ஏராளம்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? விடிவதற்கு முன் நெசவாளர் தெருமுனைகளில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்களைப் பார்த்தால் தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1990-களின் பிற்பகுதியில் கார் செய்யத் தொடங்கியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. அங்கே மாதச் சம்பளம் உண்டு, பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு, ஞாயிற்றுக்கிழமை உண்டு. தறியில் இவற்றில் ஒன்றும் இல்லை. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்யும் ஷிப்டுக்கு, ராத்திரி ஷிப்டுக்கு, இந்தப் பிள்ளைகள் பஸ் பிடித்து ஓடுகிறார்கள். இவர்களையா சோம்பேறி என்பது?

இலவசம் மனிதனைச் சோம்பேறி ஆக்கும் என்பது உண்மையானால், இந்தியாவிலேயே சோம்பலான மாநிலமாகத் தமிழ்நாடு இருந்திருக்க வேண்டும். 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை விலையில்லா அரிசி தருகிற மாநிலம் இது. கலர் டிவி தந்தது, மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி தந்தது, மாணவர்களுக்கு சைக்கிளும் லேப்டாப்பும் தந்தது. இதே மாநிலத்தில்தான் நாட்டிலேயே அதிகமான தொழிற்சாலைகள் இருக்கின்றன. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். கையால் மாவரைத்துக்கொண்டிருந்த நேரம் மிச்சமானதும் பெண்கள் படுத்துத் தூங்கவில்லை. வேலைக்குப் போனார்கள்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதையும் 'ஓசி' என்று இழித்தார்கள். அமைச்சர் பதவியில் இருந்த ஒருவரே 2022-இல் மேடையில் அந்தச் சொல்லைச் சொன்னார். ராஜாஜி மார்க்கெட்டுக்குக் கூடையோடு வரும் பெண்ணும், கடைகளில் நாளெல்லாம் நின்று சேலை மடித்துக் கொடுக்கும் பெண்ணும் அந்தப் பஸ்ஸில்தான் வருகிறார்கள். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வேலைக்குப் போவதற்கான செலவைக் குறைத்தால் ஆட்கள் வேலைக்கு வருவார்களா, வேலையை விட்டு ஓடுவார்களா? இதை யோசிக்க ஆய்வுகூடத் தேவையில்லை.

ஆனாலும் ஆய்வுகள் இருக்கின்றன. பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட கட்டுரை, இந்தோனேசியா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட ஆறு நாடுகளில் அரசு ஏழைகளுக்குப் பணம் தந்த ஏழு திட்டங்களின் தரவுகளை மறுபடியும் அலசியது. பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்கு முறையான சான்று எதுவும் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் 1982 முதல் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கைக் குடிமக்கள் எல்லோருக்கும் ஆண்டுதோறும் தருகிறது. அங்கேயும் வேலை செய்வோர் எண்ணிக்கை அதனால் குறையவில்லை.

இனி எங்கள் ஊரின் மிகக் கசப்பான பக்கத்துக்கு வருகிறேன். கோர்வைக்குத் துணை உட்காருகிறவர் என்று மேலே எழுதினேனே, அந்த இடத்தில் பல தலைமுறைகளாக உட்கார்ந்தது பிள்ளைகள். ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைகள். சொந்த வீட்டுத் தறியில் மட்டும் அல்ல. அப்பன் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அடுத்தவர் தறியிலும் உட்கார்ந்தார்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. உலகமெங்கும் மணப்பெண்களின் தோளில் மின்னுகிற சேலைக்குப் பின்னால் இருந்த கதை அது.

அந்தப் பிள்ளையைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தது எது? சட்டம் இருந்தது, தொண்டு நிறுவனங்கள் வீடு வீடாக ஏறி இறங்கின, சிறப்புப் பள்ளிகள் நடந்தன. இவற்றோடு பள்ளியில் மதியச் சோறும் இருந்தது. 1956-இல் காமராஜர் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய அந்தச் சோற்றையும் கஜானாவைக் காலி செய்யும் வேலை என்றுதான் அன்று விமர்சித்தார்கள். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றமே எல்லா மாநிலங்களும் பள்ளியில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. இன்று அதை இலவசம் என்று இழித்துப் பேச எந்தக் கட்சிக்கும் துணிவு கிடையாது. 2022-இல் வந்த காலை உணவுக்கு மட்டும் மறுபடியும் அதே பழைய பேச்சு எழுந்தது. ஒரு பிள்ளையின் இரண்டு வேளைச் சாப்பாட்டுச் சுமை வீட்டிலிருந்து இறங்கினால், அந்தப் பிள்ளையின் கூலியை நம்பியிருந்த வீடு அதை விட்டுக்கொடுக்கத் துணிகிறது.

என் வாதத்தின் மையமே இதுதான். ஏழைக்குக் கிடைக்கும் சிறு உதவி அவனுக்குச் சோம்பலைத் தருவதில்லை, முடியாது என்று சொல்லும் தைரியத்தைத் தருகிறது. அரிசிப் பானை நிரம்பியிருக்கும் வீட்டுக்காரன் அடிமாட்டுக் கூலிக்குத் தலையாட்ட மாட்டான். முன்பணத்துக்காகப் பத்து வருடம் ஒரே முதலாளியிடம் கட்டுண்டு கிடக்க மாட்டான். முன்பு பசி செய்துகொண்டிருந்த வேலையை இனி நியாயமான கூலிதான் செய்ய வேண்டும். "ஆள் கிடைக்கல" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு உறுத்துவது இந்த மாற்றம். அதை நேராகச் சொல்ல முடியாததால் சோம்பேறித்தனம் என்று பெயர் வைக்கிறார்கள்.

சும்மா வாங்கினால் கெட்டுப்போவார்கள் என்ற கவலை ஏழைகள் விஷயத்தில் மட்டும்தான் வருகிறது. இதே மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரில், நோக்கியா வந்த கதையை மறந்துவிட்டோம். 2005-இல் அரசு அதனோடு ஒப்பந்தம் போட்டது. நிலம் சலுகையில் போனது, முத்திரைத்தாள் கட்டணத்தில் சலுகை, கட்டும் வரியைத் திருப்பித் தரும் சலுகை. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை வந்தது உண்மை. 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. அந்தப் பிள்ளைகள் தெருவுக்கு வந்த நாளில், நோக்கியாவை இலவசம் கெடுத்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. 2019 செப்டம்பரில் ஒன்றிய அரசு கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாயை அரசு விட்டுக்கொடுப்பதாக நிதியமைச்சரே அறிவித்தார். அதற்கு வைத்த பெயர் ஊக்கம். பெண்களுக்கு மாதம் ஆயிரம் தரும் உரிமைத் தொகைக்குத் தமிழ்நாடு 2024-25-இல் ஒதுக்கியது சுமார் 13,720 கோடி. அதைச் சொல்லும்போது மட்டும் நாடு திவாலாகிவிடும் என்கிறார்கள்.

"எங்க வரிப்பணம்" என்று ஒரு சொல் வேறு. வருமான வரி கட்டுகிறவர் மட்டும்தான் வரி கட்டுகிறார் என்ற நினைப்பில் பேசுவது இது. ஊடை சுற்றிக் கொடுக்கும் கிழவி வாங்கும் சோப்புக்கு 2025 செப்டம்பர் வரை 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அவள் பேரன் பைக்குக்குப் போடும் பெட்ரோலில் இரண்டு அரசுகளின் வரியும் இருக்கிறது. அவள் கட்டும் வரிக்கு வருட முடிவில் படிவம் கிடையாது, நன்றியும் கிடையாது.

2022 ஜூலையில் பிரதமர் இந்த வகை அரசியலை மிட்டாய் விநியோகம் என்று கண்டித்தார். அடுத்த ஆண்டே அவர் கட்சி ஆண்ட மத்தியப் பிரதேசம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரத் தொடங்கியது, 2024-இல் மகாராஷ்டிரம் 1,500 தந்தது. நாடு முழுக்க 80 கோடிப் பேருக்கு இலவச தானியம் தருவதும் அவருடைய அரசுதான். தந்ததை நான் குறை சொல்லவில்லை, நல்லதுதான் செய்தார்கள். எல்லாக் கட்சியும் செய்கிற ஒன்றை, அடுத்தவன் செய்யும்போது மட்டும் மக்களைக் கெடுக்கும் வேலை என்று பேசுவதை நிறுத்த வேண்டும்.

எங்கள் ஊருக்கு இது புதிதும் அல்ல. பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு மணிமேகலை அமுதசுரபியோடு வந்து, பசித்தவர் எல்லோருக்கும் சோறிட்டதாகக் காப்பியம் சொல்கிறது. சோறு வாங்கியவன் உழைப்பாளியா என்று அங்கே யாரும் விசாரிக்கவில்லை. 1909-இல் இங்கே நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1967-இல் முதல்வரானதும் ரூபாய்க்கு ஒரு படி அரிசியைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். அவர் பிறந்தநாளில், 2023 செப்டம்பர் 15 அன்று, ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கான மாத உரிமைத் தொகை இதே காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. அந்த ஆயிரம் ரூபாய் ஒரு பெண்ணின் சொந்தக் கணக்கில் விழுகிறது. குடித்துவிட்டு வரும் புருஷனிடம் கையேந்தாமல் பிள்ளைக்கு மருந்து வாங்க அது போதும். தறியை மறந்து உட்கார்ந்து சாப்பிட யாருக்கும் போதாது.

விமர்சிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றை நானும் சேர்ந்தே பேசுவேன். திட்டத்துக்குத் திட்டம் தலைவர் பெயரும் படமும் ஒட்டுவது கேவலம். பணம் யாருடைய சொந்தச் சொத்தும் அல்ல. ரேஷன் அரிசி கடத்தப்படுவதும், சில மாதங்களில் வாய்க்கு வைக்க முடியாத அரிசி வருவதும் நிர்வாகத்தின் குற்றம். டாஸ்மாக்கில் ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடிக்கு மேல் அதே வீடுகளிலிருந்து உறிஞ்சிக்கொண்டு ஆயிரத்தைக் காட்டிப் பெருமை பேசுவதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. 2023-இல் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் என்று உயர்த்தினார்கள். வரவேற்கிறேன். ஆனால் குழித்தறி மின்சாரத்தில் ஓடுவதில்லை, அறையின் விளக்கும் விசிறியும்தான் ஓடுகின்றன. நெசவாளியின் உயிர்நாடி கூலியில் இருக்கிறது.

தறிக்கு ஆள் வேண்டும் என்று உண்மையாகவே கவலைப்படும் முதலாளிகளுக்கு வேலை காத்திருக்கிறது. விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு என்று சொல்லி விற்பதை முதலில் நிறுத்துங்கள். கைத்தறிக்கான ரகங்களை ஒதுக்கிய சட்டம் 1985-இலேயே வந்துவிட்டது, புவிசார் குறியீடும் கிடைத்து ஏறத்தாழ இருபது வருடம் ஆகிறது. ஜரிகை விலை ஏறும்போது சேலை விலையை ஏற்றுகிறீர்களே, அந்த ஏற்றத்தில் கூலிக்கும் ஒரு பங்கு வையுங்கள். துணைக்கு உட்காருகிறவருக்குத் தனியாகக் கூலி பேசுங்கள். மழையில் தறி நிற்கும் நாட்களுக்கு ஏதாவது கொடுங்கள். இத்தனையும் செய்த பிறகும் ஒரு ஆளும் வரவில்லை என்றால், அப்போது வந்து ரேஷன் கடையைக் காட்டுங்கள். நான் பதில் சொல்கிறேன்.