தையில் மல்லிகையைப் பிடுங்காதீர்

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள், ஊரிலிருந்து ஒரு மல்லிகைப் பதியனையேனும் கொண்டுவந்து நட்டுப் பாராதவை மிகச் சிலவே. ஈரச் சாக்கில் சுற்றிய அச்சிறு செடி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் பயணம் செய்து, குவார்ட்டர்ஸ் வாயிலிலோ மாடித் தொட்டியிலோ வேரூன்றுகின்றது. ஆவணி, புரட்டாசியில் தழைக்கின்றது. மார்கழி பிறந்ததும் இலைகள் பழுத்து உதிர்கின்றன. தையில் வெறும் குச்சியாக நிற்கின்றது. “தில்லி மண்ணுக்கு மல்லிகை வராது” என்று தீர்ப்புக் கூறி, அதனைப் பிடுங்கி எறிந்துவிடுவோர் பலர். தாய் கொடுத்தனுப்பிய செடி போயிற்றே என்னும் மனத்தாங்கல் மட்டும் அவ்வில்லத்தில் எஞ்சுகின்றது.

அன்பர்களே, அச்செடி பெரும்பாலும் மாண்டிருப்பதில்லை. குளிருக்கு அஞ்சி உறங்குகின்றது. ஐயமிருப்பின், நகத்தால் குச்சியின் பட்டையை இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பசுமை தெரிந்தால் உயிர் இருக்கின்றது என்பது உறுதி. நுனி காய்ந்திருந்தாலும் அடித்தண்டு பசுமையாக இருக்கக்கூடும். பங்குனி வரையில் பொறுத்திருப்பதே அறிவுடைமை.

தில்லியில் சனவரி மாதத்து இரவு வெப்பம் சராசரியாக 7 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கின்றது. 2006-ஆம் ஆண்டு சனவரி 8-ஆம் நாள் சப்தர்ஜங் நிலையத்தில் அது 0.2 பாகைக்கு இறங்கிற்று. சென்னையிலோ தை மாதத்து இரவிலும் 20 பாகையளவில் இருப்பதே இயல்பு. கோடையில் இதற்கு நேர்மாறாக, 2024-ஆம் ஆண்டு மே 29 அன்று அதே சப்தர்ஜங்கில் 46.8 பாகை பதிவாயிற்று. மழையும் வேறு. நம் சென்னைக்கு ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம். தில்லிக்கு ஆனி நடுப்பகுதி தொடங்கிப் புரட்டாசி வரையில். தெற்கு வட்டத்துக் கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு வடக்கு வட்டத்தில் வண்டி பிடிக்க இயலுமோ? செடி வளர்ப்பிலும் அவ்வூர்க் கணக்கு இவ்வூருக்கு ஆகாது.

முதலாவது கவாத்து. தமிழ்நாட்டில் குண்டுமல்லியை நவம்பர் இறுதியில், அதாவது கார்த்திகையில், தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் விட்டு வெட்டுவது வழக்கம். அதே வழக்கத்தை ஈண்டுக் கைக்கொண்டால், வெட்டிய இடத்தில் எழும் இளந்துளிர் மார்கழிக் குளிரில் கருகிப்போகும். செடியின் சேமிப்பும் வீணாகும். ஆகவே தில்லியில் மல்லிகைக்குக் கத்தரி எடுக்க வேண்டிய காலம் பிப்ரவரி நடுப்பகுதி. குளிர் விலகும் மாசித் தொடக்கம். அப்பொழுது காய்ந்தவற்றையும் மெலிந்தவற்றையும் நீக்கி, மட்கிய சாண எரு இட்டால், சித்திரையில் மொட்டுக் காணலாம்.

ரோசாவுக்குக் கணக்கு வேறு. அதனை அக்டோபர் நடுப்பகுதியில் வெட்டினால், ஆறேழு வாரங்களில் பூக்கத் தொடங்கிக் குளிர்காலம் முழுதும் மலரும். இந்நகரின் பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டாக்டர் பி. பி. பால் அவர்கள், கோதுமை ஆராய்ச்சியில் பெயர் பெற்றவராயினும், ரோசாவிலும் காகிதப்பூவிலும் புது வகைகள் பலவற்றை உண்டாக்கியவர். இந்திய ரோசாவைப் பற்றி அவர் எழுதிய நூல் 1966-இல் வெளிவந்தது. ஊருக்கு ஏற்ற செடியையும் செடிக்கு ஏற்ற காலத்தையும் தேடிய அன்னாரின் வழி, தொட்டி வைத்திருக்கும் நமக்கும் பொருந்தும்.

இரண்டாவது நீர். குளிரில் மல்லிகையைக் கொல்வது பனியைவிடப் பெரும்பாலும் நம் வாளியே. மண் குளிர்ந்திருக்கையில் வேர் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். நாள்தோறும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். மார்கழியிலும் தையிலும் மேல்மண் விரல் ஆழத்துக்கு உலர்ந்த பின்னரே, அதுவும் வெயில் ஏறிய பின்னர், நீர் விடுங்கள். ஐப்பசி முதல் மாசி வரையில் மல்லிகைக்கு உரம் வேண்டா. தொட்டிகளைத் தெற்குப் பார்த்த சுவரோரம் நகர்த்தி வையுங்கள். கனகாம்பரம் இன்னும் மென்மையானது. அதனை இரவில் தாழ்வாரத்துக்குள் எடுத்துக்கொள்ளுதல் நலம்.

வைகாசியில் ‘லூ’ என்னும் வெங்காற்று மேற்கிலிருந்து வீசுங்கால், தொட்டிச் செடிக்குக் காலையும் மாலையும் நீர் தேவைப்படும். அடியில் காய்ந்த வேப்பிலையைப் பரப்பினால் ஈரம் நிற்கும். தண்ணீர்த் தட்டுப்பாடு மிகுந்த அந்நாட்களில் அரிசி கழுவிய நீரும் காய்கறி அலம்பிய நீரும் உதவும். ஆனால் வீடுகளிலுள்ள ஆர்.ஓ. கருவி வெளித்தள்ளும் நீரில் உப்பு மிகுதி. அதனையே தொடர்ந்து ஊற்றுதல் ஆகாது.

மண்ணைப் பற்றியும் ஒரு சொல். தில்லி மண் பெரும்பாலும் காரத்தன்மையுடையது. அதனால் செடிக்கு இரும்புச்சத்து எட்டாமல், இளம் இலைகள் நரம்பு மட்டும் பசுமையாக நிற்க மஞ்சளாகும். இட்லிப்பூச் செடியில் இது மிகுதி. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி கரைத்து, மாலை வேளையில் இலைமீது தெளித்தால் பசுமை திரும்பும். இலைமட்கு சேர்ப்பது நிலையான பரிகாரம்.

நர்சரியில் கேட்டு வாங்கப் பெயர் தெரிய வேண்டுமன்றோ? குண்டுமல்லியை ஈண்டு மோக்ரா என்பர். முல்லையை ஜூஹி, பிச்சியைச் சமேலி, நந்தியாவட்டையைச் சாந்தினி, பவழமல்லியை ஹர்சிங்கார், செம்பருத்தியைக் குட்ஹல், அரளியைக் கனேர் என்பர். செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டால் நீரைப் பீச்சிக் கழுவி, சோப்பு கலந்த வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளியுங்கள். அரளியின் இலை, பூ, தண்டு யாவும் நஞ்சு. சிறு குழந்தைகள் உள்ள இல்லத்தார் அதனைத் தவிர்ப்பதே நன்று. மழைக்காலத்தில் தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் டெங்கு பரப்பும் கொசு பெருகும்; வாரந்தோறும் கவிழ்த்துத் துடைத்துவிடுங்கள்.

இறுதியாக, நம் போன்ற உத்தியோகக் குடும்பங்களுக்கே உரிய ஒரு கவலை. மாற்றல் உத்தரவு வந்தால், தரையில் ஊன்றிய செடியைப் பெயர்த்துச் செல்ல இயலாது. ஆடி மழையில் மல்லிகையின் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, கணுவின் கீழே பட்டையைச் சிறிது கீறி, மண்ணில் புதைத்துக் கல் வைத்துவிடுங்கள். மூன்று, நான்கு மாதங்களில் வேர் பிடிக்கும். குளிருக்குள் வேர் தேறாவிடில் மாசியில் பிரித்தெடுக்கலாம். இவ்வாறு இரண்டு பதியன்கள் போட்டு வைப்போமாயின், ஒன்று அண்டை வீட்டாருக்கு, ஒன்று நம்முடன் வருவதற்கு. தாய்ச்செடியோ அடுத்துக் குடிவருவோருக்கு நிற்கும். அவர்கள் எம்மொழியினராயினும், சித்திரை மாலையில் மணம் எழுங்கால் வைத்தவரை வாழ்த்துவர்.

ஆதலின் இவ்வாண்டு தையில் குச்சியாக நிற்கும் மல்லிகையைக் கண்டு மனம் தளர வேண்டா. வாளியைச் சற்று விலக்கி வையுங்கள். கத்தரியை மாசி வரையில் பெட்டியிலேயே வைத்திருங்கள்.