ஒரே துண்டு எஞ்சின் சரி, உள்ளே இழை எப்படி?

ஆரணியில் பட்டு வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் ஜரிகையை. தறி ஓடும் எங்கள் வீட்டிலோ பாவும் ஊடையும் எப்படி விழுந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். புடவை உழைப்பது அதில்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் இஸ்ரோ, முப்பரிமாண அச்சில் செய்த பி.எஸ்.4 எஞ்சினை 665 விநாடிகள் இயக்கிப் பார்த்தது. 14 பாகங்கள் ஒன்றாயின, 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயின. அதே மாதம் 30-ம் தேதி, சென்னையின் அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டது. எல்லோரும் கைதட்டினோம், நானும்தான்.

ஆனால் வெல்டிங் நிஜமாகவே போய்விட்டதா? லேசர் உலோகப் பொடியைக் கோடு கோடாக உருக்கி, அடுக்கின்மேல் அடுக்காக ஒட்டுகிறது. அப்படிப் பார்த்தால் முழுப் பொருளுமே குட்டிக் குட்டி வெல்டிங்தான்! உருகியது நொடிக்கு லட்சக்கணக்கான டிகிரி வேகத்தில் ஆறுகிறது. வெப்பம் கீழே இறங்குவதால், 'கிரெய்ன்' எனப்படும் படிகங்கள் அடுக்குகளைத் தாண்டித் தூண் தூணாக மேலே வளர்கின்றன. ஊடையில்லாத பாவு மாதிரி. நெடுக்கே ஒரு பலம், குறுக்கே வேறு பலம். 7075 அலுமினியம் போன்ற கலவைகளில் தூண்களுக்கு நடுவே விரிசலே விழும்.

இதைக் கட்டுப்படுத்த வழிகள் உண்டு. லேசர் ஓடும் திசையை அடுக்குக்கு அடுக்கு 67 டிகிரி திருப்புவது ஒன்று. 2017-ல் அமெரிக்காவின் ஹெச்.ஆர்.எல். ஆய்வகம், அலுமினியப் பொடியில் சிர்கோனியம் நானோ துகள் சேர்த்து, விரிசலில்லாத பொடிப்பொடிப் படிகங்களை வரவழைத்தது. 2020-ல் ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தினர், உருகும் உலோகத்தை மீயொலியால் அதிரவைத்துத் தூண்களை உடைத்தார்கள்.

"அப்புறம் உலையில் வைத்தால் சரியாகிவிடும்" என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் சூடு அதிகமானால் படிகங்கள் பெருத்துப் பலம் குறையும். தூண் எப்போதும் கெட்டதும் இல்லை. ஜெட் எஞ்சின் டர்பைன் இறக்கைகளில் அதை வேண்டுமென்றே வார்க்கிறார்கள். எங்கே எது வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் கட்டுப்பாடு.

என் ஆதங்கம் இதுதான். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பிளாஸ்டிக் சாவிக்கொத்து அச்சிட்டுவிட்டு 'முப்பரிமாண அச்சு படித்தோம்' என்கிறோம். அச்சிட்ட உலோகத்தை அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவி, நுண்ணோக்கியில் படிகம் பார்க்க எத்தனை பேருக்குத் தெரியும்? வடிவத்தைக் கணினியே வரைந்துவிடும். இழையைப் பார்க்கத் தெரிந்தவன்தான் நெசவாளி. உலோகத்துக்கும் அதேதான் என்பது என் கருத்து.