கையடக்க விளையாட்டுப் பெட்டியும் அதன் விலையும்

ஓய்வு நேரத்தை எங்ஙனம் போக்குவது என்னும் வினா மாணவருலகிற்குப் புதியதன்று. முன்னாளில் சடுகுடுவும் பந்தாட்டமும், மழைக் காலத்தில் விடுதிப் பொதுவறையின் கேரம் பலகையும் அதற்கு விடையாய் நின்றன. அவ்விடைகள் எவையும் பெற்றோர் பணப்பையைப் பெரிதும் வருத்தியதில்லை. இந்நாளிலோ, இரு கைகளுக்குள் அடங்குவதோர் விளையாட்டுப் பெட்டி, ஓர் ஏழைக் குடும்பத்தின் பல மாத வரும்படியைக் கேட்டு நிற்கின்றது. அவ்விலைக்கு அது தகுமா என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். கல்லூரி மலரில் இதற்கும் ஓரிடமா என முதியோர் சிலர் புருவம் நெரிப்பர். மாணவர் எதற்காகக் கடன்படத் துணிகின்றனரோ, அது மலரில் எழுதத் தக்க பொருளே என்பது எம் துணிபு.

சென்ற பருவத்தில் ஒரு நாள் பிற்பகல், அம்பத்தூரிலிருந்து நாள்தோறும் வந்து போகும் இரண்டாமாண்டு மாணவரொருவர் எம்மை அணுகி, "ஐயா, ஒன்று கேட்கலாமா?" என்றார். அவர் தந்தையார் தொழிற்பேட்டையிலுள்ள பட்டறையொன்றில் கடைசல் வேலை பார்ப்பவர். தாயார் கட்டிவந்த சீட்டு அம்மாதத்தில் விழுந்திருந்தது. அதிலிருந்து 20,000 ரூபாயை முதலிற் செலுத்தி, எஞ்சியதை ஓராண்டுத் தவணையில் கட்டி, ஏறத்தாழ 70,000 ரூபாய் விலையுள்ள பெட்டியொன்றை வாங்கலாமா என்பதே அவர் வினா. வாரக் கடைசியிற் கிடங்கொன்றிற் பொட்டலங் கட்டும் வேலை செய்து தவணையைத் தாமே அடைப்பதாக உறுதியும் கூறினார். மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் வேண்டுமே எனக் கேட்டோம். "பார்த்துக்கொள்ளலாம் ஐயா" என்றார். அந்தச் சீட்டுப்பணம் எதற்காகக் கட்டப்பட்டதென வினவியபோது, சற்று நேரம் வாளாவிருந்து, தங்கை அவ்வாண்டு கல்லூரியிற் சேரவேண்டியவள் என்றார். உடனே விடை கூற எமக்கு நா எழவில்லை. கருவியைப் பற்றி அறியாது அறிவுரை கூறுதல் தகாதென்று கருதி, சில நாள் தவணை யாமும் கேட்டுக்கொண்டோம்.

இக்கருவியின் பிறப்பு வரலாறு சுவையுடையது. 1889-இல் சப்பான் நாட்டுக் கியோட்டோ நகரில், மலர்ப்படஞ் சேர்ந்த சீட்டுக்கட்டுகள் செய்வதற்குத் தொடங்கப்பெற்றது நிண்டெண்டோ என்னும் நிறுவனம். அதன்கண் பணியாற்றிய குன்பெய் யொகொய் என்பார், விரைவு வண்டியிற் செல்லுங்கால், அலுவலர் ஒருவர் பொழுது போகாமையாற் கணக்கிடும் சிறு கருவியின் பொத்தான்களை அழுத்தி விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டனர் என்றும், அதினின்று கையடக்க ஆட்டக் கருவியின் எண்ணம் உதித்ததென்றும் கூறுவர். 1980-இல் அக்கருவி வெளிவந்தது. 1989-இல் அவர் குழுவினர் 'கேம் பாய்' என்பதனைச் செய்தளித்தனர். புத்தம் புதிய நுட்பத்தைத் தேடியலையாமல், பழகி மலிந்துபோன நுட்பத்தைப் புதிய வழியிற் பயன்கொள்ள வேண்டும் என்பது யொகொயின் கொள்கை. ஆகவே கேம் பாயின் திரையில் வண்ணமில்லை, பின்னொளியுமில்லை. அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 90 டாலர். நான்கு சிறு மின்கலங்களில் பதினைந்து மணி நேரம் ஓடியது. அதே ஆண்டில் வந்த அட்டாரியின் 'லிங்க்ஸ்' ஒளிரும் வண்ணத் திரையுடையது, விலையோ இருமடங்கு. அடுத்த ஆண்டு வந்த சேகாவின் 'கேம் கியர்' ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்திற் குடித்துத் தீர்த்தது. வென்றது யாது? வண்ணமற்ற கேம் பாயே. அதன் பின்னோனாகிய வண்ணக் கேம் பாயையும் சேர்த்து எண்ணின், 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் விற்றது. மலிவும் உழைப்பும் மின்கலச் சிக்கனமுமே அவ்வெற்றிக்குக் காரணம் என்க.

நம் ஊரார்க்கு அக்கேம் பாய் எட்டவில்லை. எட்டியது, கறுப்புக் கட்டங்கள் மேலிருந்து விழும் 'பிரிக் கேம்' என்னும் சிறு கருவியே. 1990-களிற் பர்மா பசாரிலும் திருவிழாக் கடைகளிலும் வாங்கப்பெற்ற அக்கருவியை நம் பழைய மாணவருட் பலர் மறந்திரார். ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் உள்ளன என அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும். உள்ளே இருப்பன பத்துப் பன்னிரண்டே. ஆயினும் அதனால் எக்குடும்பமும் கடன்பட்டதில்லை.

நிற்க. இற்றைக் கருவிகளின் விலையைக் காண்போம். ஆசஸ் நிறுவனத்தாரின் 'ரோக் அல்லை' 2023 சூலையில் நம் நாட்டில் 69,990 ரூபாய்க்கு வெளிவந்தது. நிண்டெண்டோவின் 'ஸ்விட்ச் 2' 2025 சூன் 5-ஆம் நாள் வெளிவந்தது. அமெரிக்க விலை 449.99 டாலர், அந்நாளைய மாற்றின்படி 38,000 ரூபாய்க்கு மேல். சப்பானிய மொழி மட்டும் வழங்கும் பெட்டியைத் தம் நாட்டவர்க்கு 49,980 யென்னுக்கே, அஃதாவது ஏறக்குறைய நூறு டாலர் குறைத்தே, அந்நிறுவனத்தார் விற்றனர். தம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு விலை, ஊரார் பிள்ளைக்கு ஒரு விலை! வெளியீடு பெற்ற நாடுகளின் வரிசையில் இந்தியா இல்லை. ஆதலின் ரிச்சி தெருவிலும் பிறவிடங்களிலும் கிடைத்தவை இறக்குமதி செய்வார் கொணர்ந்தனவே. அவற்றின் விலை கடைக்குக் கடை வேறு. பழுதுற்றால் முறையிட நிறுவனத்தார் இங்கில்லை. முதல் ஸ்விட்சின் கைப்பிடிக் கோல், தொடாதபோதும் தானே நகரும் நோயுற்றது உலகறிந்த செய்தி. 2020-இல் அந்நிறுவனத் தலைவரே அதன் பொருட்டு வருத்தம் தெரிவித்தார்.

விலையை நாட்கணக்கிற் பகுத்துப் பார்ப்பது மாணவர்தம் வழக்கமான வாதம். அதனையும் சோதித்தோம். 69,990 ரூபாய்ப் பெட்டியை நாளொன்றுக்கு ஒரு மணியாக மூன்றாண்டு ஆடின் 1,095 மணி நேரம். மணிக்கு ஏறத்தாழ 64 ரூபாய். திரைப்படக் கொட்டகைக் கட்டணத்தோடு ஒப்பிடின் இது மிகையன்று என்பர். கணக்கு சரியே. ஆனால் அந்த ஒரு மணி எங்கே கிடைக்கும் என்று கேட்டால், "ரயிலில்" என்கின்றனர். யொகொய் கண்ட அலுவலர் இருக்கையில் அமர்ந்திருந்தார் என்பதை இவர்கள் மறந்தனர். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குக் காலை எட்டு மணி மின்வண்டியில் வருவோர் நிலை நாமறிந்ததே. ஒரு கை மேலுள்ள பிடியைப் பற்றியிருக்கும். மறு கை தோற்பையை மார்போடு அணைத்திருக்கும். பூந்தமல்லிப் பேருந்தோ இன்னும் நெருக்கம். கைபேசியை ஒரு கையால் இயக்கலாம். இப்பெட்டியோ 600 கிராமுக்கு மேல் எடையுள்ளது. இரு கையும் கேட்பது. கனத்த ஆட்டமாயின் இரண்டு மணி நேரம் மின்சாரம் தாங்குவதும் அரிது. ஆகவே வழிநடைக்கென வாங்கிய பெட்டி வீட்டிலேயே, மின்செருகியின் அருகிலேயே வாழும். அங்ஙனம் வாழ்வதற்கு அது கையடக்கமாயிருத்தல் எதற்கு?

"இது கணிப்பொறியுமாம், படிப்புக்கும் உதவும்" என்பது இன்னொரு வாதம். ரோக் அல்லை விண்டோஸில் இயங்குவது உண்மை. கணிப்பொறிக்கென முன்னரே வாங்கிய ஆட்டங்கள் அதில் ஓடுவதும் ஒரு நன்மையே. ஆயினும் அதே விலைக்கு விசைப்பலகையும் பெரிய திரையும் உடைய மடிக்கணினி கிடைக்கும்போது, ஏழங்குலத் திரையிற் கட்டுரை எழுதப் போகின்றேன் என்று தாயாரிடம் சொல்லும் மகனை யாம் நம்பமாட்டோம். தாயாரும் நம்பார், ஆனால் பணம் கொடுத்துவிடுவார்.

பொறுத்திருந்தால் விலை குறையும் என்று முன்பு துணிந்து கூறலாம். மாதம் 3,000 ரூபாய் சேர்ப்பவனுக்கு 69,990 ரூபாய் சேர இரண்டாண்டு ஆகும். ஆசஸ் நிறுவனத்தாரோ, ஓராண்டு கழியுமுன்னரே, மின்கலத்தை 40 வாட்-மணியிலிருந்து 80 ஆக்கி 'அல்லை எக்ஸ்' என்பதனை 2024-இல் அறிவித்துவிட்டனர். முதற் பெட்டியை வாங்கியோர் முகம் எவ்வாறிருந்திருக்கும்! பழையது மலியுமே எனின், அவ்வழக்கமும் இப்போது ஆட்டங் கண்டுவிட்டது. 2017-இல் 299.99 டாலருக்கு வெளிவந்த முதல் ஸ்விட்ச், எட்டாண்டு கழிந்தபின், 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் 339.99 டாலராக உயர்ந்தது. எட்டாண்டு பழகிய மிதிவண்டிக்குக் கடைக்காரர் விலையேற்றினார் என்றால் அம்பத்தூரில் எவரும் நகைப்பர்.

பெட்டியின் விலையோடு செலவு நின்றுவிடுவதுமில்லை. ஸ்விட்ச் 2-உடன் வந்த மகிழுந்துப் பந்தய ஆட்டம் ஒன்றின் விலை மட்டும் 79.99 டாலர். அதனினும் எமக்கு உறுத்தலானது பிறிதொன்று. அப்பெட்டிக்கு விற்கப்பெறும் அட்டைகளுட் சிலவற்றில் ஆட்டமே இல்லை. திறவுகோல் மட்டும் உண்டு. ஆட்டத்தை இணையத்தினின்று இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்கித் தரும் கடை மூடப்பட்டால்? முந்தைய 3டிஎஸ் என்னும் கையடக்கப் பெட்டிக்குரிய இணையக் கடை 2023 மார்ச்சு மாதத்தில் விற்பனையை நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இணையவழிக் கூட்டாட்டமும் நின்றது. 1985-இல் தீக்கிரையாகும்வரை, மூர் மார்க்கெட்டிற் பழைய நூல்களை நாலணாவுக்கும் எட்டணாவுக்கும் வாங்கி, படித்து, நண்பர்க்கு ஈந்து, மீண்டும் விற்ற தலைமுறையினர் நம்மிடை உள்ளனர். பதிப்பித்தவர் மாண்டாலும் நூல் மாளவில்லை. விலை கொடுத்தவனுக்கே உரிமையாகாத பொருளுக்கு முழுவிலை கேட்பது எம் மனத்துக்கு ஒவ்வவில்லை.

இவ்வளவும் கூறியபின் யாம் இக்கருவிக்குப் பகைவரோ எனின், அல்லோம். உண்மையில், கைபேசியிலுள்ள 'இலவச' ஆட்டங்களைக் காட்டிலும் இப்பெட்டியை யாம் மேலாக மதிக்கின்றோம். வியப்பாயிருக்கலாம். இப்பெட்டி தன் விலையை வாயிலிலேயே கூறிவிடுகின்றது. இலவச ஆட்டமோ உள்ளே அழைத்து அமர்த்தியபின், இன்று 79 ரூபாய், நாளை 159 ரூபாய் எனச் சிறு சிறு தொகையாய்க் கறக்கின்றது. எவ்வளவு கொடுத்தோம் என்பதை ஆண்டிறுதியிலும் அறியோம். பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களால் தமிழ்நாட்டிற் குடும்பங்கள் அழிந்தமையும், அதன்மேல் இம்மாநிலம் 2022-இல் சட்டம் இயற்றியமையும், 2025 ஆகஸ்டில் நடுவணரசும் அத்தகைய ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் செய்தமையும் யாவரும் அறிவர். அவற்றோடு நோக்க, ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, தொடக்கமும் முடிவுமுள்ள ஓர் ஆட்டத்தை ஆடி முடிப்பது நேர்மையான இன்பம். விளையாட்டே வீண் என்னும் கொள்கையும் எமக்கில்லை. நம் கல்லூரியை நிறுவிய பாதிரிமார் பாடநூலோடு கால்பந்தையும் கொணர்ந்தவர்கள்.

எனவே எம் தீர்ப்பு இருவகைப்பட்டது. கைப்பொருள் மிகுந்து, வேறு கடமை குறுக்கிடாதவன் வாங்குவானாயின் அது அவன் விருப்பம், யாம் தடையல்லோம். தவணையில் வாங்குபவனுக்கோ அப்பெட்டி எவ்விலைக்கும் தகாது. வட்டியில்லாத் தவணை என்னும் விளம்பரத்தைக் கண்டு மயங்குவோர், தவணை முடியுமுன் ஆட்டத்திற் சலிப்பு வந்துவிடும் என்பதை எண்ணுவதில்லை. சலித்த பொருளுக்குப் பணங் கட்டுதல்போற் கசப்பானது பிறிதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாம் வழி ஒன்றுண்டு. அதனை விற்பவர் சொல்லார். ஸ்விட்ச் போன்ற பெட்டிகளின் இருபுறத்துக் கைப்பிடிகளும் தனித்தனியே கழன்று வருவன. இருவர் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்து ஆடலாம். அப்படி ஆடுங்கால் அது கேரம் பலகையின் இனத்தைச் சேர்ந்துவிடுகின்றது. பலகையைத் தனியொருவன் வாங்க வேண்டுமென்று எவரும் சொன்னதில்லையன்றோ?

இதனையே அம்மாணவரிடம் கூறினோம். "தம்பி, அந்தச் சீட்டுப்பணத்தைத் தொடாதே, நண்பர் மூவரைச் சேர்த்துக்கொள்" என்றோம். முகம் சுண்டிப் போயிற்று. வணக்கம் கூறாமலே சென்றார். எம்மீது சினம் என்றே எண்ணியிருந்தோம்.

சூன் மாதத்தில் தங்கை கல்லூரியிற் சேர்ந்துவிட்டாள். அதற்கு அடுத்த மாதம் அவரும் வகுப்புத் தோழர் மூவரும் தலைக்கு நாலாயிரத்துச் சொச்சம் போட்டு, ஒருவர் ஆண்டு பயன்படுத்திய முதல் ஸ்விட்ச் ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கினர். பெட்டி வாரத்திற்கொருவர் வீட்டில் தங்கும். திருமுல்லைவாயிலில் ஒரு வாரம், ஆவடியில் ஒரு வாரம், இவ்வாறு. கைப்பிடிக் கோல் தானே நகரும் நோய் அதற்கும் உண்டாம். பழுது பார்க்கும் முறையைத் தாமே கற்றுக்கொண்டனர். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எம்மையும் அம்பத்தூருக்கு அழைத்தனர். பந்தய ஆட்டத்தில் அத்தங்கையிடம் மூன்று முறை தோற்றோம். மூன்றாம் முறை எம் வண்டி எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்ததை அவள் சொன்ன பின்னரே அறிந்தோம்.