காட்டு நிதி யார் கையில்?

முள்ளிப்பட்டுத் தறித் தோழர்களே, ஆலைத் தோழர்களே, வயலில் உழைக்கும் தாய்மார்களே! நம் கமண்டல நாகநதி ஜவ்வாது மலையில் பிறக்கிறது. அங்கே காடு அழிந்தால் இங்கே கிணறு வற்றும், கூலியும் போகும். ஆகவே காட்டுப் பணம் நம் பிரச்சினையே.

1997ல் ஜப்பான் கடனில் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. "மக்கள் பங்கேற்பு" என்று தம்பட்டம் அடித்தார்கள். கிராம வனக்குழுவின் செயலாளர் யார்? வன இலாகா ஊழியரே! குழி வெட்டியவர்கள் மக்கள், கணக்கு இலாகாவிடம், கடன் நம் எல்லோர் தலையிலும்!

போராடிப் பெற்ற 2006 வன உரிமைச் சட்டம், சமூகக் காட்டை நிர்வகிக்கும் உரிமையைக் கிராம சபைக்குத் தந்தது. ஆனால் பணப்பெட்டி? காட்டைப் பறிகொடுத்ததற்கு ஈடாக வசூலான நிதியில் 2019ல் மாநிலங்களுக்கு 47,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. அதைச் செலவிடக் கிராம சபையின் சம்மதம் கட்டாயம் என்று 2016ம் ஆண்டு நிதிச் சட்டம் சொல்லவில்லை!

"கிராமத்தானை நம்பலாமா?" என்கிறார்கள். 1992ல் வாச்சாத்தியைச் சூறையாடியவர்கள் கிராமத்தாரா? வன, போலீஸ், வருவாய் இலாகாக்காரர்கள் 215 பேரை 2011ல் கோர்ட் தண்டித்ததே!

நிதியைக் கிராம சபையிடம் நேரே கொடு! கணக்கைச் சபையில் படி! காட்டைக் காப்பவர் கையிலே காட்டுப் பணம்!