ஒல்லிக்குச்சிக்கும் சர்க்கரை வரும்

எங்க சித்தப்பாவைப் பார்த்தா, பலமா காத்தடிச்சா பறந்துடுவார்னு சொல்லுவீங்க. பொதட்டூர்பேட்டையில விசைத்தறி ஓட்டறவர். மாசாமாசம் கிருத்திகைக்குத் திருத்தணி மலையோட 365 படியையும் ஏறி முருகனைப் பார்த்துட்டுத்தான் அடுத்த வேலை. "சர்க்கரை எல்லாம் தொப்பை வெச்சவனுக்குடா"ன்னு சொல்லிச் சொல்லியே நாலு வருஷமா டெஸ்ட் எடுக்காம இருந்தார். கால்ல வந்த புண்ணு ஆறவே இல்லை. ஒரு விரலை எடுத்த பிறகுதான் நம்பினார்.

அவரை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? நாம எல்லாருமே எடை மெஷினை நம்பற ஆளுங்கதான். அந்த மெஷின் நம்மளை நல்லா ஏமாத்துதுங்கறதுதான் என் கட்சி.

புனே டாக்டர் யாக்னிக், லண்டன் டாக்டர் யுட்கின்னு ரெண்டு பேர். 2004ல லான்செட் பத்திரிகையில ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கற போட்டோ வந்தது. உயரத்துக்கு எடை பார்க்கற பி.எம்.ஐ கணக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், 22.3. ஆனா உடம்புல கொழுப்பு? வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2! நமக்கு சதை கம்மி, கொழுப்பு ஜாஸ்தி. அதுவும் வயித்துக்குள்ள.

தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பு பெருசா வம்பு பண்ணாது. வயித்துக்குள்ள, கல்லீரலைச் சுத்தி சேர்றதுதான் வில்லன். கொழுப்புன்னா சும்மா மூட்டை மாதிரி கிடக்கற சமாச்சாரம் இல்லைங்க, ஹார்மோனும் சுரக்கும். வயிறு போதும்னு மூளைக்குச் சொல்ற லெப்டின் (1994ல கண்டுபிடிச்சாங்க) அங்கேருந்துதான் வருது. இன்சுலின் ஒழுங்கா வேலை செய்ய உதவற அடிபோனெக்டினும் அங்கேருந்துதான். உள்கொழுப்பு ஏற ஏற அடிபோனெக்டின் குறையும். கொழுப்பு அமிலம் கல்லீரலுக்குப் போய்ச் சேரும். அப்புறம் கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேக்காது, ராத்திரி முழுக்க சர்க்கரையை ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும். வெறும் வயித்துலயே சர்க்கரை எகிறி நிக்கறதுக்கு இது முக்கியமான காரணம். கணையமும் எவ்வளவு நாள்தான் ஈடுகொடுக்கும்?

சரி, இந்தக் கொழுப்பு எங்கேருந்து வருது? சித்தப்பா எண்ணெய்ப் பலகாரம் தொடவே மாட்டார். ஆனா தட்டைப் பாருங்க. சாம்பாருக்கு ஒரு ரவுண்டு சோறு, ரசத்துக்கு ஒண்ணு, மோருக்கு ஒண்ணு. ஆந்திரா எல்லைங்கறதால எங்க வீட்டுல பப்பு, கோங்குராவுக்குத் தனி ரவுண்டு. தேவைக்கு மேல போற மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாத்தான் மாத்தும்.

இப்போ சித்தப்பா "கோதுமைக்கு மாறிட்டேன்"னு ராத்திரி ஆறு சப்பாத்தி சாப்பிடறார். 2025ல வந்த ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வுப்படி நம்ம நாட்டுச் சாப்பாட்டுல 62 சதவீத கலோரி மாவுச்சத்துலேருந்துதான் வருது. மொத்த அளவைக் குறைக்காம அரிசிக்குப் பதிலா கோதுமை, கம்பு, கேழ்வரகுன்னு மாத்தறதால ஆபத்து குறையலைன்னும் அதே ஆய்வு சொல்லுது. மாவுச்சத்துல கொஞ்சத்தைக் குறைச்சு, அந்த இடத்துல பருப்பு, பயறு, பால், தயிர்னு புரதம் சேர்த்தாத்தான் பலன். ஆறு சப்பாத்தி ரெண்டாகி, பக்கத்துல ஒரு கிண்ணம் சுண்டல் வரணும்.

இதெல்லாம் நடக்கற கதையான்னு கேப்பீங்க. சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வர்ற விளிம்புல இருந்த 531 பேரை மூணு வருஷம் கவனிச்சு 2006ல முடிவு சொன்னாங்க. சும்மா விட்டவங்கள்ல நூத்துக்கு 55 பேருக்கு சர்க்கரை வந்துடுச்சு. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இருந்தவங்கள்ல 39 பேருக்குத்தான். இதுல வேடிக்கை என்னன்னா, இவங்க எடை பெருசா குறையவே இல்லை!

அதனால எடை மெஷினை விடுங்க, தையல்காரர் டேப்பை எடுங்க. விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்சை உள்ளே இழுக்காம அளங்க. ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80. தாண்டிட்டா, எடை எவ்வளவு இருந்தாலும் ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. வீட்டுல யாருக்காவது சர்க்கரை இருந்தா, டேப் என்ன சொன்னாலும் பண்ணிடுங்க. ஏற்கெனவே மாத்திரை போடறவங்க டாக்டரைக் கேக்காம எதையும் நிறுத்தாதீங்க, புண்ணியமாப் போகும்.

சித்தப்பாவை அளந்தேன். எடை 60 கிலோ, இடுப்பு 94 சென்டிமீட்டர். காலம் பூரா வேட்டி கட்டின மனுஷன். பேன்ட் போடறவனா இருந்தா இடுப்பு ஏறுறது தெரிஞ்சிருக்கும். வேட்டி எவ்வளவு தொப்பைக்கும் வளைஞ்சு கொடுக்குமே!

இந்த ஆடிக் கிருத்திகைக்கும் படி ஏறணும்ங்கறார். புண்ணு முழுசா ஆறட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கோம். நீங்க இன்னிக்கே அளந்து பாருங்க, சரியா?